தலையில் அடிபட்டவர் படுத்தே கிடக்க வேண்டுமா? வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சை

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியிலிருந்து விழுந்தோ, மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்தோ தலையில் அடிபட்டு, மருத்துவமனையில் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர், பயிற்சிக்காக அடிக்கடி இந்தப் பாதையில் இறங்கி ஏறுவது சுலபமில்லை. "டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரு, படுத்தே இருக்கட்டும்" என்று வீட்டில் விட்டுவிடுகிறோம். அங்கேதான் நஷ்டம் தொடங்குகிறது.

ஏன் அசைய வேண்டும்?

மூளையில் அழிந்த செல்கள் பெரும்பாலும் மீண்டும் வளர்வதில்லை. ஆனால் நல்ல நிலையில் இருக்கும் பகுதிகள் புதிய இணைப்புகளை உண்டாக்கி, இழந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும். அதற்கு ஒரே அசைவைத் தினமும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். படுத்தே கிடந்தால் தசை மெலியும், மூட்டு இறுகும், படுக்கைப்புண் வரும், காலில் ரத்தம் உறையவும் கூடும்.

லேசான அடி என்றால் முதல் ஓரிரு நாள் ஓய்வுக்குப் பிறகு மெல்ல நடமாடலாம் என்பதே இன்றைய மருத்துவ அறிவுரை. பலத்த காயமோ அறுவை சிகிச்சையோ என்றால், எப்போது தொடங்குவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சேவையைப் பெறுவது எப்படி?

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து இலவசமாகப் பயிற்சி தருகிறார். உங்கள் ஊர் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதிவு செய்யுங்கள். விவரம் தெரிய 104-ஐ அழைக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் அறிக்கையையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன பயிற்சிகள்?

இவற்றை இயன்முறை மருத்துவர் ஒருமுறை செய்து காட்டிய பிறகே தொடங்குங்கள்.

• படுக்கையில்: கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது.

• எழுவது: சுவரோரம் போட்ட நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து உட்காருவது. முதலில் ஐந்து முறை போதும்.

• நடப்பது: மேடு பள்ளமான பாதை வேண்டாம். மிளகு, காபி காயவைக்கும் சமமான களம் நல்ல இடம். போனில் ஐந்து நிமிட டைமர் வையுங்கள். பலவீனமான பக்கத்தில் ஒருவர் கூடவே நடக்கட்டும்.

• கைக்கு: மிளகைப் பொறுக்கி எண்ணிக் கிண்ணத்தில் போடுவது, துணி மடிப்பது. விரலுக்கும் வேலை, கவனத்துக்கும் வேலை.

பேசிக்கொண்டே செய்ய முடிகிற அளவுதான் சரியான அளவு. தலைவலியோ தலைசுற்றலோ கூடினால் நிறுத்தி உட்காருங்கள். மறுநாள் குறைத்துச் செய்யுங்கள். மூளைக் காயத்துக்குப் பிறகு சீக்கிரம் அசதி வரும். அது சோம்பேறித்தனம் இல்லை, திட்டாதீர்கள். ஒரேயடியாகச் செய்வதைவிட, காலையும் மாலையும் பிரித்துச் செய்வது நல்லது.

உடனே 108-ஐ அழையுங்கள்

கடுமையாகிக்கொண்டே போகும் தலைவலி, தொடர் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், திடீரென கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் - இவற்றில் ஏதாவது தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். மருத்துவர் அனுமதிக்கும் வரை மரம், ஏணி, இருசக்கர வாகனம் மூன்றும் கூடாது.

போனை இப்படியும் பயன்படுத்தலாம்

வாரம் ஒருமுறை அவர் நடப்பதை அரை நிமிட வீடியோ எடுத்து, அடுத்த முறை வரும் இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள். தினமும் பார்க்கும் நம் கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் அதில் தெரியும். நிரந்தரப் பாதிப்பு தங்கிவிட்டால், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்கலாம்.

பழையபடி ஆக எத்தனை நாள் ஆகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். நாற்காலியிலிருந்து எழும் முதல் ஐந்து முறையை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.