கம்பனியின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது?

'கூட்டாண்மை சமூகப் பொறுப்பு' என்ற சொல் பத்திரிகைகளில் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஒரு கம்பனி பாடசாலைக்குக் கொப்பிகள் வழங்கும். இன்னொன்று கிணறு கட்டிக் கொடுக்கும். மறுநாள் படம் வரும். நல்ல காரியந்தான். ஆனால் கொப்பிகளை விடக் கம்பனியின் பதாகை பெரிதாக இருந்த ஒரு விழாவில் நானும் அமர்ந்திருக்கிறேன். வாசலுக்கு வெளியே கொடுப்பதற்கு முன், உள்ளே தன் ஊழியரை எப்படி நடத்துகிறது என்பதையே நான் பார்ப்பேன்.

நம் நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளையே எடுத்துக்கொள்வோம். 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய காலம் முதல் அங்கு உழைத்தவர்களில் பெரும்பாலானோர் இளம் பெண்கள். ஊரை விட்டு வந்து, ஓர் அறையில் நாலைந்து பேராகத் தங்கி, நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்த பட்டமோ 'ஜூக்கி'. அது ஒரு தையல் இயந்திரத்தின் பெயர்! கலியாணப் பேச்சில் வேலை செய்த இடத்தை மறைத்த குடும்பங்களும் உண்டு.

இந்த நிலையில்தான் 2003இல் மாஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனம் 'விமன் கோ பியோன்ட்' என்ற வேலைத்திட்டத்தை ஆரம்பித்தது. பெண் ஊழியர்களுக்கு ஆங்கிலம், கணினி போன்ற வகுப்புகள். சாதித்தவர்களுக்கு மேடையில் பாராட்டு. கம்பனிக்கு இதில் என்ன இலாபம்? தையல் வரிசையில் ஒருவர் நின்றுவிட்டால் அடுத்தவர் கைக்கு வேலை வராது. பழகிய பெண் விலகினால் புதியவரைப் பழக்கி எடுக்கும்வரை நட்டம். மதிப்போடு நடத்தப்படுபவள் சட்டென்று விலகமாட்டாள்.

வெளிக்காரணமும் உண்டு. 2004 முடிவோடு உலக ஆடை வர்த்தகத்தில் நாடுகளுக்கான கோட்டா முறை நீங்கியது. சீனாவுடனும் பங்களாதேசத்துடனும் விலையில் மட்டும் போட்டி போடுவது எங்களுக்குக் கடினம். ஆகவே 2006இல் தொடங்கிய 'குற்றவுணர்வற்ற ஆடைகள்' பிரசாரம், சிறுவர் உழைப்போ கட்டாய உழைப்போ இல்லாத உடை என்று சொல்லி விற்றது. நன்னடத்தையும் விற்பனைக்கு வந்துவிட்டதே என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. இலாபம் இருந்தால்தானே அடுத்த வருடமும் தொடரும்?

என் மனத்தாங்கல் வேறு. எங்கள் அயலில் ஒரு பிள்ளை வேறொரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். காய்ச்சலில் ஒரு நாள் நின்றதற்கு அவளுடைய வரவுக் கொடுப்பனவை வெட்டிவிட்டார்கள். அதே மாதம் அங்கே மரநடுகை விழா. "ஞாயிற்றுக்கிழமை எங்களையும் பஸ்ஸில ஏத்திக்கொண்டு போனவை அக்கா, மரம் நட" என்று சிரித்தாள்.

சகோதரிகளே, ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில் வழங்குநர் சம்பளத்தில் 12 வீதம் கட்டவேண்டும். ஊழியரிடமிருந்து 8 வீதம் கழிக்கப்படும். இது அன்பளிப்பல்ல, சட்டம். உங்கள் மகளின் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பணம் கட்டப்படவில்லை என்றால், அருகிலுள்ள தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம்.