சிற்றிடத்தில் ஒரு சீரமைப்பு: பிராங்க்பர்ட் அட்டில்

சமைக்கும் இடத்தை நம் முன்னோர் ‘அட்டில்’ என்றனர். ‘அடு’ என்னும் வினையடியும் ‘இல்’ என்னும் பெயரும் கூடிப் பிறந்த சொல் அது. அடுக்குமாடி வீடுகள் பெருகிய பின்னர் அந்த ‘இல்’ ஓர் ஒடுங்கிய அறையாகச் சுருங்கிவிட்டது. சுருங்கிய இடத்தை அறிவோடு அமைப்பது எங்ஙனம் என்னும் வினாவிற்கு ஜெர்மனியில் 1926ஆம் ஆண்டு கிடைத்த விடையொன்றை ஈண்டுக் காண்போம்.

முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மானிய நகரங்களில் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடிற்று. பிராங்க்பர்ட் நகராட்சி, 1925இல் எர்ன்ஸ்ட் மே என்னும் கட்டடக் கலைஞரிடம் எளியோர்க்கான குடியிருப்புகளை எழுப்பும் பொறுப்பை ஒப்படைத்தது. செலவைக் குறைக்கப் பரப்பைக் குறைத்தாக வேண்டும். அவ்வீடுகளுக்குச் சமையலறை வகுக்கும் பணி, வியன்னாவில் 1897இல் பிறந்த மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் பெண்மணியிடம் வந்தது.

அவர் அளந்தது சுவரை மட்டுமன்று. பெண்ணின் காலடிகளையும் அளந்தார். அடுப்பிலிருந்து தொட்டிக்கு எத்தனை அடி, தொட்டியிலிருந்து பலகைக்கு எத்தனை நொடி என்று கணக்கிட்டார். சிறிய இடத்தில் பலருக்குச் சமைத்துப் பரிமாறும் இரயில் உணவுப் பெட்டி அவருக்கு முன்மாதிரியாயிற்று. விளைவு, ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட ஓர் அறை. நம் கணக்கில் எழுபது சதுர அடி.

அவ்வறையின் நுட்பங்கள் சுவையானவை. சாளரத்தின் கீழ் நல்ல வெளிச்சத்தில் வேலைப் பலகை. அதன்முன் சுழலும் முக்காலி. காய் நறுக்கிய குப்பையைத் தள்ளிவிட, பலகையிலேயே ஓர் இழுப்பறை. கழுவிய தட்டுகள் துடைக்காமலே உலர்வதற்கு ஒரு தாங்கி. துணி தேய்க்கும் பலகை சுவரோடு மடங்கிக் கிடக்கும்; விளக்கோ கூரைத் தண்டில் வேண்டிய பக்கம் நகரும். அரிசி, சர்க்கரை முதலியவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகள் இருந்தன. மாவுப் பெட்டியை மட்டும், புழு அணுகாதிருக்க, ஓக் மரத்தால் செய்தனர். நீல வண்ணம் ஈக்களை விலக்கும் என்று கருதி அதனையே பூசினர். நழுவும் கதவைத் திறந்து வைத்தால் அடுத்த அறையில் விளையாடும் குழந்தைமேல் தாய் ஒரு கண் வைத்திருக்கலாம். இத்துணையும் வகுத்தவர் அதற்குமுன் குடும்பம் நடத்தியவரோ சமைத்தவரோ அல்லர் என்பது வியப்பு!

பிராங்க்பர்ட்டில் ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளில் இவ்வறை அமைந்தது. இன்று நம் ஊர்க் கடைகள் விற்கும் ‘மாடுலர் கிச்சன்’ இதன் வழித்தோன்றலே.

எனினும் குறையும் உண்டு. பெயர் பொறித்த பெட்டிகள் எல்லார் பழக்கத்திற்கும் ஒத்துவரவில்லை. தாழ இருந்தமையால் குழந்தைகளின் கைக்கும் எட்டின. அதனினும் பெரிய குறை, ஒருவர்க்கு மேல் நின்று வேலை செய்ய அங்கே இடமில்லை. பெண்ணின் நேரத்தை மிச்சப்படுத்த எழுந்த அறை, அவளைத் தனியே அடைத்து வைத்தது என்று 1970களில் பெண்ணியவாதிகள் கண்டித்தனர். அக்கண்டனத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. மாமியும் மருமகளும் நாத்தியும் கூடி நின்று சமைக்கும் வீட்டிற்கு இவ்வளவை அப்படியே பொருத்தினால் மூச்சு முட்டும். உதவ வரும் ஆண்மகனுக்கும் அங்கே நிற்க இடமிராது. காலடிகளைக் குறைக்கும் அவர்தம் முறையைக் கொள்ளலாம். அகலத்தை மட்டும் சற்றே கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதே நம் கருத்து.

அவ்வறைகளுட் பல பிற்காலத்தே பெயர்த்தெறியப்பட்டன. எஞ்சியவற்றுள் ஒன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. பிராங்க்பர்ட்டின் ரோமர்ஸ்டாட் குடியிருப்பில், எர்ன்ஸ்ட் மே பெயர் தாங்கிய வீட்டில், இச்சமையலறையை அது பிறந்த இடத்திலேயே இன்றும் காணலாம்.