எழுபது வயதில் மூட்டு மாற்று: மயக்க மருந்து தாங்குமா?

முழங்கால் மூட்டை மாற்ற வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், 'இந்த வயதில் மயக்க மருந்து தாங்குமா?' என்றுதான் வீட்டில் முதலில் கேட்பார்கள். வயது மட்டுமே தடையல்ல. இதயம், நுரையீரல், சிறுநீரகம் எப்படி இருக்கின்றன, தினமும் என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்பதையெல்லாம் பார்த்தே மயக்கவியல் மருத்துவர் முடிவெடுக்கிறார்.

முதுகில் ஊசி

இந்த அறுவைசிகிச்சைக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படுவதில்லை. கீழ்முதுகில், தண்டுவடம் முடியும் இடத்துக்கும் கீழே, மெல்லிய ஊசியால் மருந்து செலுத்துவார்கள். சில நிமிடங்களில் இடுப்புக்குக் கீழே மரத்துவிடும். நோயாளி தானாகவே மூச்சுவிடுவார். ஜெர்மானிய மருத்துவர் ஆகஸ்ட் பீர் 1898-இல் செய்துகாட்டிய முறை இது. ரத்த அழுத்தம் இறங்கக்கூடும் என்பதால் அதைத் தொடர்ந்து கண்காணிப்பார்கள். ஊசி பொருந்தாதவர்களுக்கு முழு மயக்கம் உண்டு.

இந்த ஊசி போட்டால் ஆயுளுக்கும் முதுகுவலி என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. குத்திய இடத்தில் சில நாள் வலிக்கலாம். நாள்பட்ட முதுகுவலிக்கு அந்த ஊசிதான் காரணம் என்பதற்கு ஆதாரமில்லை.

மறைக்கக் கூடாதவை

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளைச் சாப்பிடுபவருக்கு, ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கட்டி நரம்புகளை அழுத்தும் அபாயம் உண்டு. குளோபிடோகிரெல் போன்றவற்றைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். டாபாகிளிஃபுளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளைக் குறைந்தது 3 நாளுக்கு முன் நிறுத்துவது வழக்கம். இல்லாவிட்டால் சர்க்கரை அளவு கூடாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். எதையும் நாமாக நிறுத்தக் கூடாது. தூக்க மாத்திரை, நாட்டு மருந்து, மதுப்பழக்கம் ஆகியவற்றையும் சொல்லிவிட வேண்டும். பொதுவாகத் திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள்.

அறுவைசிகிச்சைக்குப் பின்

படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம், நெஞ்சில் சளி கட்டலாம். அதனால் அன்றோ மறுநாளோ வாக்கர் பிடித்து நடக்க வைப்பார்கள். வலி அடங்கினால்தான் நடக்க முடியும். தொடையில் நரம்பருகே போடும் மரப்பு ஊசி, தசையின் பலத்தை அதிகம் குறைக்காமல் வலியைத் தணிக்கும். வலியைப் பொறுத்துக்கொண்டு மாத்திரையைத் தவிர்ப்பது நல்லதல்ல.

முதல் சில நாள்களில் முதியவர்கள் சிலர் இடம், நேரம் தெரியாமல் மாற்றிப் பேசுவார்கள். வலி, தூக்கமின்மை, நோய்த்தொற்று, சில மருந்துகள் எனக் காரணங்கள் பல. உடனே செவிலியரிடம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கண்ணாடியும் காதுக்கருவியும் கையெட்டும் தூரத்தில் இருப்பதும், பழகிய முகம் ஒன்று அருகில் இருப்பதும் உதவும்.

வீடு திரும்பிய பின் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலுடன் காயத்தில் நீர் கசிந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். மயக்கவியல் மருத்துவரைச் சந்திக்கப் போகும்போது பழைய மருந்துச் சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் ஒன்றுவிடாமல் கொண்டுசெல்லுங்கள்.