நாயுடன் நார்த்தாமலை



புதுக்கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் சாலையில், ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தொலைவில் நார்த்தாமலை அமைந்துள்ளது. பங்குனித் திங்களில் அங்குள்ள மாரியம்மன் திருவிழாவுக்குச் சென்று வந்தவர் உங்களுள் பலர் இருப்பீர்கள். ஊருக்கு அப்பால் நிற்கும் குன்றுகளில் ஏறியவர் சிலரே இருப்பீர்கள். மார்கழி, தைத் திங்கள்களில் நானும் எங்கள் வீட்டு நாய் மணியும் அங்குள்ள மேலமலைப் பக்கம் நடந்து வருவது வழக்கம். மணி உயர்ந்த சாதி நாயன்று. தெருவில் பிறந்த நாட்டு நாய்தான். மலைநடைக்குக் குளிர்காலம் ஏன் ஏற்றது, நாய் உடன் வந்தால் நாம் அறிவது யாது, அதைக் கயிற்றில் பிடித்தே செல்ல வேண்டியது ஏன் என்பவற்றைப் பற்றிப் பேசலாம் என எண்ணுகிறேன்.

நம் மாவட்டத்துக் குன்றுகள் பெரும்பாலும் மொட்டைப் பாறைகள். வெங்காயத்தின் தோல் உரிவதுபோல, வெயிலாலும் மழையாலும் பாறையின் மேலடுக்கு ஏடு ஏடாகப் பிரிந்து கழலும். அதனால்தான் அவை யானை முதுகுபோல உருண்டு காணப்படுகின்றன. சித்திரையில் அப்பாறை அடுப்பில் வைத்த தோசைக்கல்லுக்கு ஒப்பாகும். நமக்கு உடல் முழுதும் வியர்வை சுரந்து வெப்பம் தணிகிறது, நாய்க்கோ அவ்வாறில்லை. அதன் பாதங்களில் மட்டுமே சிறிது வியர்க்கும். மற்றபடி வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தே அது தன் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். புறங்கையைப் பாறைமீது வைத்துப் பாருங்கள். பத்து எண்ணும்வரை பொறுக்க முடியவில்லையெனில் நாயை அதன்மேல் நடத்துவது கொடுமையாகும். மார்கழிக் காலையில் அத்தொல்லை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்த வடகிழக்குப் பருவமழை பாறைக் குழிகளில் சுனையாகத் தேங்கி நிற்கும்.

குன்றின் அடியில் உள்ள காட்டைச் சிலர் வெறும் முட்புதர் என்று இகழ்வர். அஃது அறியாமை. உசிலை, வெப்பாலை, காரை, சூரை, நுணா எல்லாம் அங்கே உண்டு. நம் பகுதியின் பழைய கோயிற்காடுகளில் வீரையும் காசானும் அடர்ந்து நிற்பதைக் காணலாம். இவற்றின் இலைகள் சிறியவை, தடித்தவை. எளிதில் நீரை வெளிவிடா. ஆண்டில் சில மாதங்களே மழை பெறும் நாட்டில், கோடையிலும் பசுமை மாறாது நிற்கும் இக்காட்டை வறண்ட பசுமைமாறாக் காடு என்பர். சோழமண்டலக் கரையை ஒட்டிய நிலங்களுக்கே உரிய அருஞ்செல்வம் இது. இதன் பெரும்பகுதி அழிந்துவிட்டது. எஞ்சியவற்றுள் பல, தெய்வத்துக்கு அஞ்சி மக்கள் கோடரி வைக்காத கோயிற்காடுகளே.

இனி நாயின் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒற்றையடிப் பாதையில் நான் காண்பது புல்லும் கல்லும்தான். மணியோ ஒரு புதரடியில் நின்று நெடுநேரம் முகரும்; பிறகு நாலடி பின்வந்து மீண்டும் முகரும். முன்னிரவில் கீரியோ முள்ளம்பன்றியோ அவ்வழி சென்றிருக்கலாம். மனிதனுக்கு மணம் உணரும் அணுக்கள் சில பத்து இலட்சம் என்றால், நாய்க்கு அவை பல கோடி. மேலும் ஒரு விந்தை கேளுங்கள். நாயின் நாசித்துளைகளின் பக்கங்களில் சிறு பிளவுகள் உள்ளன. உட்செல்லும் மூச்சு முன்னிருந்து வருகிறது. வெளிவிடும் மூச்சோ இப்பிளவுகளின் வழியே பக்கவாட்டில் போகிறது. ஆகவே தரையிலுள்ள மணம் கலைவதில்லை. பனி ஈரம் படிந்த குளிர்ந்த காலையில் மணம் தரையை ஒட்டியே தங்கும். உச்சி வெயிலில் அது விரைந்து மேலெழுந்து சிதறிவிடும். இதனாலும் மார்கழிக் காலை நாய்க்கு உகந்த வேளை. அது நின்று முகரும்போது கயிற்றைப் பற்றி இழுக்காதீர்கள். நீங்கள் செய்தித்தாள் படிக்கையில் யாரேனும் அதைப் பிடுங்கினால் எப்படியிருக்கும்!

"காட்டிலுமா கயிறு? அவிழ்த்துவிட்டால் மகிழ்ந்து ஓடுமே" என்று இளைஞர் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. மகிழ்வது நாய், துன்புறுவன முயலும் கௌதாரியும் மயிலும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். 1963 முதல் நம் நாட்டுப் பறவையான மயிலைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. நாய் எதையும் பிடிக்காது போனாலும், துரத்தப்பட்ட விலங்கு அன்றைய இரையையும் வலிவையும் இழக்கிறது. வெறிநோய், டிஸ்டெம்பர் முதலிய பிணிகள் நாயிடமிருந்து நரிக்கும் பரவக்கூடியவை. தடுப்பூசி போடாத நாயைக் காட்டருகே கொண்டு செல்லவே கூடாது. நாயின் நலத்துக்கும் கயிறு வேண்டும். குளிரில் விறைத்த பாம்பு வெயில் காயப் பாறைக்கு வருங்காலம் அது. மூக்கை நீட்டியே உலகை அறியும் பிராணிக்கு விரியன் பாம்பைவிடக் கொடிய பகை வேறில்லை.

மேலமலையில் விசயாலய சோழீச்சுரம் நிற்கிறது. கருவறை வட்டம், அதைச் சூழ்ந்த சுவர் சதுரம். சாத்தன் பூதி என்பவர் எடுத்த இக்கோயில் மழையாலும் இடியாலும் சிதைய, மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. மழைமேகம் திரண்ட நாளில் மொட்டைப் பாறைமேல் நிற்கக் கூடாதென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? கோயிலுக்குள் நாயைக் கொண்டு செல்லலாகாது. ஒருவர் மர நிழலில் நாயுடன் இருக்க, மற்றவர் பார்த்து வரட்டும்.

நாய்க்கும் நம் நாட்டுக் கல்வெட்டில் இடமுண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் எழுந்த நடுகல் ஒன்று, தொறுப்பூசலில் பட்ட வீரனோடு அவன் நாயையும் காட்டுகிறது. அதன் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியைக் கல்லில் பொறித்தார்கள்.

காப்புக்காட்டுப் பகுதியாதலின் வனத்துறையினரிடம் கேட்டே செல்லுங்கள். நாய்க்கென்று தனியே குடிநீரும் சிறு கிண்ணமும் எடுத்துக்கொள்ளுங்கள். சுனை நீரை நம்பிச் செல்லலாகாது. வெயில் ஏறுமுன் இறங்கிவிடுவது நலம். இறங்கியதும் நான்கு பாதங்களையும் தூக்கி, விரலிடுக்குகளில் நெருஞ்சியும் கருவேல முள்ளும் தைத்துள்ளனவா என்று பாருங்கள். காது மடலின் உட்புறத்தையும் கழுத்துப்பட்டையின் அடியையும் தடவிப் பாருங்கள். உண்ணிகள் ஒளிந்திருக்கும் இடம் அவையே.