புனே டூ செஞ்சி: விமானத்தில் 1¾ மணி நேரம், பயணமோ 7 மணி நேரம் - ஏன்?

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகள் 12 சேர்க்கப்பட்டன. அவற்றில் 11 மகாராஷ்டிராவில் இருக்கின்றன. மீதி ஒன்று விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சிக் கோட்டை. 'விமானத்தில் போய் செஞ்சியையும் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம்' என்று நினைப்பவர்கள் முதலில் தேடுவது தூரத்தையும் நேரத்தையும்தான். கிடைக்கும் விடை சரிதான். ஆனால், அதை மட்டும் நம்பிப் போட்ட திட்டம் சொதப்பிவிடும்.

தூரம் எவ்வளவு?

புனே - சென்னை விமானத் தூரம் சுமார் 910 கி.மீ. பூமி உருண்டை என்பதால், அதன் வளைவை ஒட்டி அளக்கப்படும் மிகக் குறைந்த தூரம் இது. புனேயிலிருந்து செஞ்சிக்கும் நேராக அளந்தால் ஏறக்குறைய இதே தூரம்தான். ஆனால் செஞ்சியில் விமான நிலையம் கிடையாது. சென்னையில் இறங்கி, திண்டிவனம் வழியாகச் சுமார் 140 கி.மீ. சாலையில் வர வேண்டும்.

நேரம் எங்கே போகிறது?

ஜெட் விமானம் நடுவானில் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கும். அந்தக் கணக்குப்படி 70 நிமிடம் போதும். டிக்கெட்டில் ஏன் ஒன்றே முக்கால் மணி நேரம் என்று இருக்கிறது? விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரும் நொடி முதல், மறுமுனையில் வந்து நிற்கும் வரையிலான நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது, இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம்.

இதோடு, 2 மணி நேரம் முன்னதாக விமான நிலையம் போக வேண்டும். இறங்கியதும் பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி நேரம். காரில் செஞ்சி வர சுமார் 3 மணி நேரம். ஆகமொத்தம் 7 மணி நேரத்தைத் தாண்டிவிடும். வானத்தில் இருக்கும் நேரம் இதில் கால்வாசிகூட இல்லை!

குறுக்கு வழி உண்டா?

புதுச்சேரி விமான நிலையம் இன்னும் பக்கம், சுமார் 70 கி.மீ.தான். அங்கிருந்து பெங்களூரு, ஹைதராபாத் விமானங்கள் 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கின. ஆனால் விமானம் மாறக் காத்திருக்கும் நேரம், மிச்சமான நேரத்தைச் சாப்பிட்டுவிடும். ரயில் என்றால் திண்டிவனத்தில் இறங்கி, 28 கி.மீ. பஸ்ஸில் வர வேண்டும். செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போக வேண்டிய ரயில் பாதை இன்னும் முடிந்தபாடில்லை. கார் வேண்டாம் என்பவர்கள் கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் பிடிக்கலாம்.

1689-ல் எப்படி வந்தார்கள்?

முகலாயப் படையிடமிருந்து தப்பிய சிவாஜியின் மகன் ராஜாராம், பன்ஹாலா கோட்டையிலிருந்து மாறுவேடத்தில் கிளம்பி செஞ்சி வந்து சேர ஒரு மாதத்துக்கும் மேலானது. நேர்க்கோட்டில் அது சுமார் 760 கி.மீ.

என்ன செய்யலாம்?

ராஜகிரி மலை சுமார் 800 அடி உயரம். வெயில் ஏறும் முன் படியேறத் தொடங்குவதே நல்லது. மதியம் வந்து சேர்பவர்கள் கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் பார்த்துவிட்டு, உச்சியை அண்ணாந்து பார்த்தபடி திரும்ப வேண்டியதுதான். முந்தைய நாள் மாலையே வந்து தங்கிவிட்டால் மலையும் ஏறலாம். ஓட்டல், ஆட்டோ, டீக்கடை என ஊருக்கும் நாலு காசு கிடைக்கும். எனவே திரும்பும் டிக்கெட்டை மறுநாள் இரவுக்குப் போடுங்கள்.