ஜவ்வாது மலை மண்ணுக்குள் கரன்ட் விட்டுப் பார்த்தால்

ஜமுனாமரத்தூர் பக்கம் போர் போட இடம் பார்க்க இரண்டு வகை ஆட்கள் உண்டு. ஒருவர் கையில் தேங்காய். இன்னொருவரிடம் நான்கு இரும்புக் கம்பிகள், நீளமான ஒயர், ஒரு மீட்டர். இரண்டாமவர் அளப்பது மண்ணின் மின்தடைமை.

கம்பிகளை ஒரே கோட்டில் சம இடைவெளியில் அடிப்பார்கள். வெளிக்கம்பி இரண்டின் வழியே கரன்ட் மண்ணுக்குள் போகும். உள்கம்பி இரண்டுக்கும் இடையிலான வோல்ட்டை மீட்டர் பார்க்கும். கணக்கு, அமெரிக்காவின் பிராங்க் வென்னர் 1915-ல் வெளியிட்டது. இடைவெளியை மீட்டர் கணக்கில் எடுத்து, வோல்ட்டைக் கரன்டால் வகுத்துக் கிடைத்த ஓம் அளவாலும் 6.28-ஆலும் பெருக்க வேண்டும். இடைவெளி 10 மீட்டர், தடை 1 ஓம் என்றால் விடை சுமார் 63 ஓம்-மீட்டர். கம்பிகளை அகட்ட அகட்ட இன்னும் ஆழத்தில் இருப்பதும் கணக்கில் சேரும். கோடையில் மேல்மண் காய்ந்து கிடந்தால் கம்பியைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றுவார்கள். இல்லாவிட்டால் கரன்ட் இறங்காது. வீட்டு எர்த் குழியில் கரியும் உப்பும் கொட்டுவது இதே காரணத்துக்குத்தான்.

மண்ணில் கரன்டைக் கொண்டுபோவது பெரும்பாலும் துகள்களின் இடுக்கில் நிற்கும் நீரும் அதில் கரைந்த உப்புகளும்தான். ஜவ்வாது மலையோ சார்னோக்கைட், நைஸ் வகைக் கெட்டிப் பாறை. விரிசல் இல்லாத பாறை ஆயிரக்கணக்கான ஓம்-மீட்டர் காட்டும். நீர் ஊறிய உக்கல் பாறையில் அது நூறுக்குள்கூட இறங்கிவிடும். ஆனால் எண் குறைந்ததும் லாரியை வரச் சொல்லிவிடக் கூடாது. ஈரக் களிமண்ணும் குறைந்த எண்தான் காட்டும், தண்ணீரை மட்டும் விடாது. 200 அடிக்குக் கீழே விரல் தடிமன் விரிசலில் ஓடும் நீரோ மேலிருந்து பார்க்கும் மீட்டருக்குப் பெரும்பாலும் தட்டுப்படாது. பக்கத்துக் கிணற்றில் எத்தனை அடியில் என்ன பாறை வந்தது என்று விசாரிக்காதவரின் வரைபடத்தை நான் நம்ப மாட்டேன்.

குளிருக்கும் இதில் பங்குண்டு. வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் மின்தடைமை ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். லடாக்கில் போல மண்ணே உறைந்தால் நீரிலுள்ள அயனிகள் நகர வழியின்றி எண் எகிறிவிடும். மின்காப்பு மாறிலி என்ற இன்னொரு குணமும் உண்டு: தண்ணீருக்குச் சுமார் 80, பனிக்கட்டிக்கு 3, காய்ந்த மண்ணுக்கும் ஏறத்தாழ அவ்வளவே. இந்த வித்தியாசத்தால்தான் ரேடார் அலை ஈர மண்ணைப் பிரித்தறிகிறது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் ரேடார் செயற்கைக்கோளின் வேலைகளில் மண் ஈரம் பார்ப்பதும் ஒன்று. அதற்குத் தெரிவது மேலே உள்ள சில சென்டிமீட்டர் மட்டுமே. சாமை விதைக்க ஈரம் போதுமா என்று பார்க்க உதவலாம்; போர் பாயிண்ட் குறிக்க உதவாது.