பழைய புல்லட்டில் ‘இழுவை’ குறைகிறதா? சைலன்சரை மாற்றும் முன் இதைப் படியுங்கள்

விருதுநகர் - சாத்தூர் நான்குவழிச் சாலையில் ஒரு மேம்பாலம் ஏறினாலே தெரிந்துவிடும். டாப் கியரில் அலட்டிக்கொள்ளாமல் ஏறிய பழைய புல்லட், இப்போது மூன்றாவது கியரைக் கேட்கிறது. பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் இரண்டாவது. “இழுவையே இல்லண்ணே” என்று ஒர்க் ஷாப்பில் வண்டியை நிறுத்தினால், யோசனைகள் வரிசையாக வரும். ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், பெரிய கார்புரேட்டர், ஹை கம்ப்ரஷன் பிஸ்டன்.

பழைய என்ஜின்களில் புதிதாக டார்க் சேர்ப்பது இரண்டாவது வேலைதான். காணாமல் போன டார்க்கை மீட்பது முதல் வேலை. அதற்கு ஆகும் செலவும் குறைவு.

டார்க் என்றால் என்ன?

ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் முனையில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால், நட்டின் மேல் விழும் முறுக்குவிசை சுமார் 9.8 நியூட்டன் மீட்டர். அதுதான் டார்க். அந்த முறுக்கை நிமிடத்துக்கு எத்தனை சுற்று கொடுக்க முடிகிறது என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால் குதிரைத்திறன் வரும்.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அதன் திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட் 350-ன் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., கொள்ளளவு 346 சிசி. பிற்கால மாடல்களின் விவரக்குறிப்பில் 3,000 ஆர்பிஎம்-மில் 32 நியூட்டன் மீட்டர் என்று இருந்தது. இப்போதைய 349 சிசி ஜே சீரிஸ் என்ஜின் 4,000 ஆர்பிஎம்-மில் 27 நியூட்டன் மீட்டர் தருகிறது. ஆனால் பழையதன் அதிகபட்சத் திறன் 18 குதிரைத்திறன்தான். புதியதற்கு 20.2. மெதுவாகச் சுற்றும்போதே பலத்தைக் காட்டுவதுதான் பழைய என்ஜினின் குணம்.

‘லாங் ஸ்ட்ரோக்’ இருந்தால் டார்க் கூடுமா?

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். பாதி உண்மை. ஸ்ட்ரோக் நீண்டால் கிராங்கின் கை நீளும். ஆனால் அதே சிசி-க்குள் போர் சுருங்குவதால், பிஸ்டனை அழுத்தும் விசை குறைந்து கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும். குறைந்த வேகத்தில் இழுவை கிடைப்பதற்குச் சிறிய இன்டேக் பாதை, வால்வு திறந்து மூடும் நேரம் ஆகியவையே முக்கியக் காரணம். கனமான ஃப்ளைவீலும் டார்க்கைக் கூட்டாது. ஒவ்வொரு வெடிப்புக்கும் இடையே வேகம் விழாமல் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவே.

இழுவை எங்கே தொலைகிறது?

மலிவான இடத்திலிருந்து தேடத் தொடங்குவது நல்லது.

*ஏர் ஃபில்டர்:* கரிசல் காட்டுப் புழுதியில் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் கணக்கு போதாது. அடைத்துக்கொண்டால் பெட்ரோல் அதிகமாகி பிளக்கில் கரி படியும். ஃபில்டரையே கழற்றிவிட்டால் புழுதி நேராக சிலிண்டரைத் தேய்க்கும்.

*பிளக்:* நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் கலவை சரி. கரிய தூள் படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் குறைவு.

*பாயின்ட், டைமிங்:* பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். தாமதமாகப் பொறி விழுந்தால் என்ஜின் சூடாகும், இழுக்காது. முன்கூட்டியே விழுந்தால் தட்டும், கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும்.

*டேப்பட்:* என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, புஷ்ராடை விரலால் சுழற்றிப் பார்க்க வேண்டும். தடையின்றிச் சுழலணும், மேலும் கீழும் ஆட்டம் கூடாது. இறுகியிருந்தால் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும். 2009-க்குப் பின் வந்த யுசிஇ என்ஜின்களில் ஹைட்ராலிக் டேப்பட் என்பதால் இந்த வேலை இல்லை.

*கிளட்ச், பிரேக்:* ஆக்சிலரேட்டரைத் திருகினால் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லையா? கிளட்ச் வழுக்குகிறது. வண்டியைத் தள்ளினால் கனக்கிறதா? பிரேக் ஷூ பிடித்துக்கொண்டிருக்கலாம்.

போர் போட்டால் பலம் கூடுமா?

இத்தனையும் சரியாக இருந்தும், கிக்கரில் ஏறி நின்றால் தாங்காமல் கால் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது, சைலன்சரில் நீலப்புகை வருகிறது என்றால், ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். லேத்தில் அரை மி.மீ. போர் போட்டால் கூடுவது சுமார் 5 சிசி மட்டுமே. அதனால் பலம் கூடாது. சிலிண்டரின் அடைப்பு சரியாகி, பழைய பலம் திரும்புகிறது. முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முறுக்கியும் ஓட்டக் கூடாது, டாப் கியரில் திணறவிட்டும் ஓட்டக் கூடாது.

கூடுதல் இழுவை வேண்டுமென்றால்?

எளிய வழி ஸ்ப்ராக்கெட். கியர்பாக்ஸில் 17 பல்லுக்குப் பதில் 16 பல் போட்டால், சக்கரத்துக்குப் போகும் முறுக்கு 6 சதவீதம் கூடும். அதே அளவு வேகம் குறையும். ஊருக்குள் ஓட்டுபவருக்கு லாபம், நான்குவழிச் சாலையில் போகிறவருக்கு நஷ்டம்.

ஹை கம்ப்ரஷன் பிஸ்டன் டார்க்கைக் கூட்டும். ஆனால் விருதுநகர் வெயிலில் காற்றால் மட்டும் குளிரும் வார்ப்பிரும்பு சிலிண்டருக்கு அது பெரும் சோதனை. எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வந்த பிறகு, கார்புரேட்டர் வண்டிகளில் கலவை ஏற்கெனவே சற்று வெளுக்கிறது. மெயின் ஜெட் அளவையும் பழைய ரப்பர் குழாய்களையும் முதலில் பார்த்துவிடுவது உத்தமம்.

சைலன்சரில் கை வைக்கலாமா?

கூடாது. ஜெட்டை மாற்றாமல் வெறும் குழாய் மாட்டினால் கலவை வெளுத்து, எந்த இழுவைக்காக மாற்றினோமோ அதுவே குறைந்த வேகத்தில் போய்விடும். ஆக்சிலரேட்டரை விட்டதும் ‘பட் பட்’ என்று வெடிப்பது பலம் அல்ல. எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் பற்றுவது. தடுப்பு இல்லாத குழாயில் அது தீப்பொறியாக வெளியே வரலாம்.

வேறு ஊரில் அது வெறும் சத்தப் பிரச்சினை. ஒரு பொறிக்குப் பயந்து, மருந்துக் கலவை அறைக்குள் இரும்புக் கருவியைக்கூட விடாத பட்டாசு ஆலைகள் நிறைந்த சிவகாசி வட்டாரத்தில் நிலைமையே வேறு. தீப்பெட்டிக் குச்சியும் காகிதமும் ஏற்றிய லோடு வண்டிகள் நிற்கும் தெருவில், பின்னால் பொறி கக்கும் பைக் யாருக்கும் கெத்து அல்ல.

சட்டமும் விடாது. மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 182ஏ-யின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒலி, புகை வரம்பை மீறினால் பிரிவு 190-ன் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதம் தனி.

ஆகவே வரிசை இதுதான்: ஃபில்டர், பிளக், பாயின்ட், டேப்பட், கிளட்ச், பிரேக். இவற்றைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அதன் பிறகும் அந்த மேம்பாலத்தில் வண்டி திணறினால், சிலிண்டரைத் திறக்கச் சொல்லுங்கள்.